நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முன்னாள் அமெரிக்க அதிபர் ஒருவர் நாற்பத்தொரு பிரதிகளாக வாய்க்கால்மேட்டுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் பொன்னாடை.

கடலூரில் ஒரு பிரமுகருக்கு அறுபதாவது பிறந்தநாள். 'பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள்' என்று அவர் அறிக்கை விட்டுவிட்டார். பொன்னாடையில் ஒரு வசதி உண்டு. எல்லாம் ஒரே நீளம், ஒரே பளபளப்பு. யார் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார் என்று யாரும் அளந்து பார்க்க முடியாது. புத்தகம் அப்படி இல்லை. மெலிசாக ஒன்றைக் கொடுத்தால் கொடுத்தவரின் விசுவாசமும் மெலிசு என்று ஆகிவிடும். எனவே வாழ்த்தப் போனவர்களில் நாற்பத்தொரு பேர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து, "இருக்கறதுலயே தடியா ஒண்ணு குடுங்க" என்றார்கள். கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பதவியிலிருந்து இறங்கிய அதிபர் தன் ஆட்சியைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகள், முதல் பாகம். தமிழில் எழுநூற்று நாற்பது பக்கம். கெட்டி அட்டையில் அதிபர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரமுகரும் ஒவ்வொரு முறையும் சளைக்காமல் திருப்பிச் சிரித்தார்.

விழா முடிந்ததும் வந்த புத்தகங்களை எல்லாம் கிராமத்து நூலகங்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். மற்ற ஊர் நூலகர்கள் காலையிலேயே வந்து சமையல் குறிப்பு, துப்பறியும் கதை, சர்க்கரை நோய்க்கு வீட்டு மருத்துவம் என்று நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாய்க்கால்மேட்டு நூலகர் அமராவதி, நூலகத்தைப் பூட்டிவிட்டு ஏறிய மினிபஸ் குமராட்சியில் பஞ்சர். அவள் கடலூர் போய்ச் சேர்ந்தபோது மேசை மேல் நாற்பத்தொரு அதிபர்கள் மட்டும் இருந்தார்கள். யாருக்கும் வேண்டாதவர்களாக, ஆனாலும் சிரித்துக்கொண்டு.

அமராவதிக்கு வயது நாற்பத்தேழு. வீடு சிதம்பரத்தில். வேலை, குமராட்சியையும் தாண்டிக் கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கும் வாய்க்கால்மேட்டு ஊர்ப்புற நூலகத்தில். ஓர் அறை, ஒரு மின்விசிறி, இரண்டு பெஞ்சு. பன்னிரண்டு வருடமாக அங்கே அவள்தான் நூலகர், அவள்தான் பெருக்குபவள், ஐப்பசியில் ஆற்றுத் தண்ணீர் வாசல்வரை வந்தால் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேல்தட்டுக்கு ஏற்றுபவளும் அவள்தான்.

அந்த நூலகத்துக்கு நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. மாதம் நூறு புத்தகமாவது இரவல் போகாத நூலகங்கள் ஏப்ரலில் மூடப்பட்டுப் பக்கத்து நூலகத்தோடு இணைக்கப்படும். வாய்க்கால்மேட்டில் மாதம் முப்பது தாண்டினால் அபூர்வம். மூடினால் அமராவதி திட்டக்குடிப் பக்கம் போக வேண்டியிருக்கும். மூன்று பஸ். பஸ்ஸைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். இந்த அறையைப் பூட்டி, சாவியை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, அதற்கு யாரோ ஒருவர் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுவதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, வந்த புத்தகத்தையாவது நாலு பேர் படிக்கும்படி செய்யலாம் என்று, முதலில் அவளே படித்தாள். சிதம்பரத்துக்கும் வாய்க்கால்மேட்டுக்கும் நடுவில், மினிபஸ்ஸில், இருபத்தாறு நாள். மோசமில்லை. மனிதர் நன்றாகவே எழுதியிருந்தார். ஒரு முடிவை எடுக்க நாற்பது பக்கம் யோசித்தார். அப்படி யோசித்த அழகை இன்னொரு பத்துப் பக்கம் வர்ணித்தார். இதற்கு முன்பே தன்னைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியாயிற்று என்று முன்னுரையில் சொல்லியிருந்தார். பதவிக்கு வருமுன் ஒன்று, பதவிக்கு வருவதற்காக ஒன்று. இது பதவி போனதற்கு. அதுவும் பாதிதான். மீதி இரண்டாம் பாகத்தில்.

படித்துவிட்டு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். "ரொம்ப சுவாரசியமா இருக்குதுங்க, எடுத்துட்டுப் போங்க." வந்தவர்கள் புத்தகத்தைக் கையில் வாங்கி, எடை பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செய்தித்தாளில் ராசிபலனைப் பார்க்கப் போனார்கள்.

தங்கம்மாள் தினமும் நூறு நாள் வேலையை முடித்துக்கொண்டு மின்விசிறிக்காக நூலகத்தில் வந்து உட்காருகிறவள். படிப்பு கிடையாது. அறிவொளி வகுப்பில் கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள், அதைப் போட இடம் கிடைக்காமல் இருந்தாள்.

"என்னாம்மா, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

அமராவதி கடிதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"இவ்ளோதானா? அந்தத் தடிப் புக்குல ஒண்ணு குடு. கையெழுத்துதான போடணும்? நா போடறேன்."

"படிக்கணும்க்கா."

"படிச்சாங்களா இல்லியான்னு அந்த நோட்டுல எழுதறதுக்கு எடம் இருக்குதா?"

அமராவதி பதிவேட்டைப் பார்த்தாள். பெயர், உறுப்பினர் எண், புத்தக எண், வாங்கிய தேதி, திருப்பிய தேதி. அப்படி ஓர் இடம் இல்லை. அரசாங்கம் அதைக் கேட்க மறந்திருந்தது, அல்லது கேட்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று நினைத்திருந்தது.

"வாங்கிட்டுப் போயி என்னா பண்ணுவ?"

"மாவுச் சட்டி மூடி மேல வைப்பேன். பூன ஒண்ணு தெனமும் தள்ளிட்டுப் போவுது. இந்த ஆளு நல்லா கனமா இருக்கான்."

அமராவதி கொஞ்ச நேரம் யோசித்தாள். அதிபர் அளவுக்கு இல்லை, ஒரு நிமிடம். பிறகு மூன்று நிபந்தனை போட்டாள். நனையக் கூடாது, கிழியக் கூடாது, பதினாலாம் நாள் திரும்பி வர வேண்டும்.

அன்று முதல் அதிபர் வாய்க்கால்மேட்டில் பொதுவாழ்வுக்குத் திரும்பினார். முடிதிருத்தும் சிலம்பரசன் தன் பேரில் ஒன்று, மனைவி இளமதி பேரில் ஒன்று என்று இரண்டு வாங்கிப் போய் நாற்காலியில் போட்டான். முடிவெட்ட வரும் சின்னப் பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்தால் தலை சரியாகக் கைக்கு எட்டியது. தையல்காரர் ராபர்ட் சூடாக இஸ்திரி போட்ட காலர்களை அதற்கு அடியில் வைத்து மடிப்பை நிறுத்தினார். டீக்கடைத் தங்கராசு சாய்ந்து நின்ற டிவியை நிமிர்த்தினான். பதினாலாம் நாள் எல்லோரும் ஒழுங்காகப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, வேறு பிரதி வாங்கிப் போனார்கள். "போன தடவ குடுத்தது கொஞ்சம் அமுங்குது மேடம், கெட்டியா பாத்துக் குடுங்க" என்றுகூடக் கேட்டான் சிலம்பரசன். தான் படித்த பிரதியை மட்டும் அமராவதி தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். மற்ற நாற்பதும் மாதம் இரண்டு முறை வெளியே போய் வந்தன. மூன்று மாதத்தில் இருநூற்று நாற்பது இரவல்.

ஊரில் புத்தகம் வாங்காதவர் ஒருவர்தான். முன்னாள் சேர்மன் சுப்பிரமணியன். அவர் சேர்மனாக இருந்தது ஐந்து வருடம். அதைப் பற்றித் தங்கராசு கடையில் சொல்லிக்கொண்டிருப்பது பதினாலு வருடம். அமராவதி ஒரு நாள் கேட்டதற்கு, "வாழ்ந்தவன் நானு. இன்னொருத்தன் வாழ்ந்தத நான் எதுக்கும்மா படிக்கணும்?" என்றார்.

மார்ச் கடைசியில் கடலூரிலிருந்து ஆய்வுக்கு வந்தார் திருநாவுக்கரசு. மேலதிகாரி. சாதாரணமாக ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும் மேடையில் கேட்பது போலக் கேட்பவர். பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே புத்தகம். இருநூற்று நாற்பது முறை! இந்தக் கிராமத்திலா?"

"ஆமா சார்."

"அம்மா, இது என் உயிரான புத்தகம். என் தலைமாட்டில் எப்போதும் இருக்கிறது. அதைத் தொடாமல் நான் தூங்கியதே கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அமராவதி அப்படியே நம்பினாள்.

"வரும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இங்கே ஒரு கலந்துரையாடல். வாசகர்கள் பேசட்டும், நான் கேட்கிறேன். பேசினார்கள் என்றால் இந்த நூலகத்தை யாரும் தொட முடியாது, பரிந்துரையை என் கையால் எழுதுவேன்." எழுந்தார். அவர் ஒன்றும் முழு முட்டாள் இல்லை. வாசல்படியில் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பதிவேடு வெறும் பதிவேடு என்று தெரிந்தால், அதையும் என் கையால்தான் எழுதுவேன்."

ஐந்து நாள் இருந்தது. அமராவதி சுருக்கமாக நாலு பக்கத்தில் கதையை எழுதி எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினாள். இரண்டாவது பத்தியில் தங்கராசு பாலைப் பார்க்கப் போய்விட்டான். ராபர்ட் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். சிலம்பரசன் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, "சண்ட எதுவும் இல்லியா மேடம்?" என்றான்.

தங்கம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்தாம்மா, அந்த ஆளு என்னாவா இருந்தாரு?"

"நாட்டுக்கே தலைவரா இருந்தாருக்கா."

"இப்ப இல்லியே?"

"இல்ல."

"பதவி போனப்புறம் ஒக்காந்து எழுதுனதா?"

"ஆமா."

"அப்ப எனக்குத் தெரியும் போ. நீ போயி நிம்மதியா தூங்கு."

அமராவதி தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருநாவுக்கரசு ஒரு புகைப்படக்காரரோடு வந்தார். ஊரார் அவரவர் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு போதாமல் பாதிப்பேர் தரையில். முன்னாள் சேர்மன் சுப்பிரமணியன் ஜன்னலோரம் தனி நாற்காலியில். அழைக்காத கூட்டத்துக்கும் தலைமை தாங்கும் பழக்கம் அவருக்கு இன்னும் விட்டபாடில்லை.

திருநாவுக்கரசு சிலம்பரசனின் பிரதியை வாங்கிப் பிரித்தார். உள்ளிருந்து நாலைந்து முடி விழுந்தது. அமராவதி அதைப் பொறுக்கக் குனிந்தாள்.

"பார்த்தீர்களா! முடி உதிரும்வரை படித்திருக்கிறார்" என்றார் திருநாவுக்கரசு. புகைப்படக்காரர் அந்த முடியைப் படம் எடுத்தார். "சரி, யார் முதலில் பேசுகிறீர்கள்?"

தங்கம்மாள் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"ஐயா, நா படிக்காதவ, தப்பா சொன்னா மன்னிக்கணும். அந்த மனுசன் பதவிக்கு ஆசையே படல. ஆசப்பட்டிருந்தா எப்பவோ வந்திருப்பாரு. சனங்கதான் வீடு தேடி வந்து நீதான் நிக்கணும்னு கையப் புடிச்சி இழுத்துது."

"முதல் அத்தியாயம்!" என்றார் திருநாவுக்கரசு.

"வூட்டுக்கார அம்மாவுக்கு இஷ்டமே இல்லிங்க" என்று ராபர்ட் உட்கார்ந்தபடியே சேர்ந்துகொண்டார். "நமக்கெதுக்கு இந்த வம்புன்னாங்க. அப்புறம் ஊருக்காவ ஒத்துக்கினாங்க. அந்தம்மா மட்டும் இல்லன்னா அவுரு இல்லன்னு சொல்லி அங்கங்க நாலு வரி அழுதிருப்பாரு."

"அற்புதம், அற்புதம்."

சிலம்பரசனுக்குத் துணிச்சல் வந்தது. "நல்லது நடந்த எடத்துல எல்லாம் 'நான் செஞ்சேன்'பாரு சார். கெட்டது நடந்த எடத்துல 'நாங்க செஞ்சோம்'னு எல்லாரையும் சேத்துக்குவாரு."

"டேய், ஒரு தப்பயும் ஒத்துக்கவே இல்லன்னு சொல்லிடாத" என்றார் ராபர்ட். "ஒண்ண ஒத்துக்குவாரு. எல்லாரையும் நம்பிட்டேன், அதான் நான் பண்ண தப்புன்னு."

அறையில் சிரிப்பு. அமராவதி மேசை மேல் இருந்த தன் பிரதியைப் பார்த்தாள். இருபத்தாறு நாள் படித்து அவள் நாலு பக்கத்தில் எழுதியதை இவர்கள் ஒருவரும் அட்டையைக்கூடப் பிரிக்காமல் நாலு வாக்கியத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாலு வருடம் டீக்கடையில் சேர்மனிடம் பாடம் கேட்டவர்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஜன்னலோரம் சுப்பிரமணியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தங்கம்மாள் கைதட்டு வாங்கிப் பழகாதவள். ருசி கண்டுவிட்டாள்.

"எல்லாம் சரிங்க ஐயா. அந்த மதகு விசயத்துல மட்டும் அவுரு மச்சான் பேச்சக் கேட்டிருக்கக் கூடாது. தண்ணி இந்தாண்ட வரவேண்டியது, அந்தாண்ட போயிடுச்சி. அன்னைக்கு வுழுந்தாரு, எழுந்திரிக்கவே இல்ல."

எழுநூற்று நாற்பது பக்கத்தில் போர் இருந்தது, வங்கி இருந்தது, ஒரு நாய்க்குட்டிகூட இருந்தது. மதகு இல்லை. மச்சானும் இல்லை. அது வாய்க்கால்மேட்டு மேற்கு மதகு. கட்டியது சுப்பிரமணியன், மச்சானும் அவருடையவர்தான். முடிந்தது, சாவியை உறைக்குள் போட்டு ஒட்ட வேண்டியதுதான்.

திருநாவுக்கரசு கண்ணை மூடினார். தலையை மெதுவாக ஆட்டினார்.

"ஆஹா. அந்த அத்தியாயம். என்ன ஒரு நேர்மை! நான் மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்று முறையும் கண் கலங்கினேன்."

அமராவதி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் ஒரு சின்னக் கலக்கம் ஓடியது. படிக்காத மாணவன் ஆசிரியர் முகத்தைப் பார்க்கும் பார்வை.

"என்ன அம்மா, சரிதானே? எத்தனையாவது பக்கம் அது?"

"நானூத்திப் பன்னண்டு சார்" என்றாள் அமராவதி.

"நானூற்றுப் பன்னிரண்டு. அதேதான்." அவர் நாட்குறிப்பை எடுத்து எழுதிக்கொண்டார்.

அப்போது ஜன்னலோரம் நாற்காலி கிரீச்சிட்டது. சுப்பிரமணியன் எழுந்து நின்றார். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். தங்கம்மாள் மெல்ல ராபர்ட்டின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"மதகு விசயத்துல மச்சான் மேல தப்பு இல்ல" என்றார் சுப்பிரமணியன். "என்ஜினீயரு குடுத்த மட்டம் தப்பு. அது யாருக்குத் தெரியும்? மூணு நாளு மழையில, இடுப்பளவு தண்ணியில நின்னு அந்தப் பலகையத் தூக்குனாரே, அத யாராவது பேசுறீங்களா? வுழுந்தாராம், எழுந்திரிக்கலியாம். போட்ட ஓட்ட எண்ணிப் பாத்தா தெரியும், வெறும் முப்பத்தேழு ஓட்டு வித்தியாசம்."

திருநாவுக்கரசு கைதட்ட ஆரம்பித்தார். "இதுதான்! இதுதான் வாசிப்பு! ஒருவர் அதிபரைக் குற்றம் சொல்கிறார், இன்னொருவர் அதிபரின் பக்கம் நின்று வாதாடுகிறார். கண்ணில் நீர் தளும்ப! கடலூரில் நான் நடத்தும் எந்த வாசகர் வட்டத்திலும் இதைப் பார்த்ததில்லை. பெரியவரே, இந்தப் பக்கம் வாருங்கள், ஒரு படம்."

சுப்பிரமணியனை அவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு அதிபரைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிரமுகர்கள் புத்தகம் கேட்டு அறிக்கை விடும் காலத்திலும் திருநாவுக்கரசு பையில் ஒரு பொன்னாடை வைத்திருந்தார். அதை எடுத்துச் சுப்பிரமணியனுக்குப் போர்த்தினார். பதினாலு வருடத்துக்கு அப்புறம் அவர் தோளில் விழுந்த பொன்னாடை.

பரிந்துரையை மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார் திருநாவுக்கரசு. 'இந்நூலகம் தொடர்ந்து இயங்குவது இன்றியமையாதது.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அமராவதி அதை இரண்டு முறை படித்தாள். அவள் இதுவரை படித்ததிலேயே சுருக்கமான, குறையில்லாத எழுத்து அது.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் தங்கம்மாள் கேட்டாள். "நா தப்பா ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லக்கா. டீ சொல்லட்டுமா?"

"சொல்லு. சக்கர ஜாஸ்தியா போடச் சொல்லு."

மறுநாள் காலை நூலகம் திறக்குமுன் சுப்பிரமணியன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உறுப்பினர் சந்தா கட்டினார், கையெழுத்துப் போட்டார், பெயருக்குப் பக்கத்தில் 'முன்னாள் சேர்மன்' என்றும் எழுதினார். நாற்பதும் வெளியே இருந்ததால் அமராவதி தன் மேசையில் இருந்த பிரதியையே எடுத்துக் கொடுத்தாள். மாவுச் சட்டியா, டிவியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். முதல் வாரம் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் தங்கராசு, "சேர்மனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தான். பதினாலாம் நாள் வந்தார். புத்தகத்தை மேசை மேல் வைத்தார். ஓரங்கள் விரல் பட்டு அழுக்காகியிருந்தன. நடுநடுவே மினிபஸ் டிக்கெட்டைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். இருநூற்று நாற்பத்தோராவது இரவலில்தான் அந்தப் புத்தகத்துக்கு இரண்டாவது வாசகர் கிடைத்தார்.

"நல்லாதான் எழுதியிருக்கான்" என்றார். "சில எடத்துல என்னியப் பாத்து எழுதுனாப்ல இருக்குது. பொண்டாட்டியப் பத்தி எழுதுனது ஞாயம். நானும் அவகிட்ட சொன்னதில்ல." துண்டைச் சரிசெய்தார். "படிச்சிக் காட்டுனேன். கேட்டுட்டு, 'அதுக்கு என்னா இப்ப'ன்னா."

"அவ்ளோதான் சொன்னாங்களா ஐயா?"

"டீ போட்டுக் குடுத்தா." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓர் இடத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

"இதுல யாரோ வெளிநாட்டு மந்திரிகூட சாப்பிட்டத எழுதியிருக்கான். முன்னாடி பின்னாடி அம்பது பக்கம் பாத்துட்டேன். முழுசா ரெண்டு தடவ பாத்துட்டேன். மதகு எங்கம்மா?"

அமராவதி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. கோபமும் இல்லை. தன் தரப்பை யாரோ ஒருவன், எங்கேயோ ஒரு நாட்டில், சரியாக எழுதி வைத்திருக்கக் கூடும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

"அது ரெண்டாம் பாகத்துல வருதுங்க ஐயா" என்றாள்.

"அப்பிடியா." அவர் புத்தகத்தை மூடி அட்டையைத் துண்டால் துடைத்தார். "எப்ப வரும்?"

"எழுதிட்டு இருக்காராம்."

"எழுதட்டும், எழுதட்டும். அவசரப்படக் கூடாது." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "வந்தா முதல்ல எனக்கு. எழுதி வச்சிக்க. அதுவரைக்கும் இந்த லைப்ரரிய மூடுறேன்னு எவனாவது வந்தா எங்கிட்ட சொல்லு."

அமராவதி ஒரு புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் கோடு போட்டாள். பெயர், உறுப்பினர் எண், புத்தகம். கொஞ்சம் யோசித்து நாலாவதாக ஓர் இடம் விட்டு, அதற்கு மேல் 'படித்தாரா' என்று எழுதினாள்.